பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வேலைல நாள் முழுக்க என்ன தான் பண்ணுவீங்க? தொண்டி தம்பிக்கு ஒரு நீளமான பதில்

ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டுருந்தாப்ல. பி.எஸ்சி பயோடெக் கடைசி வருஷமாம், மேல பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது டிஎன்ஏ மாதிரி உயிரியல் டேட்டாவை கம்ப்யூட்டர்ல வச்சு ஆராயுற படிப்பு, எடுக்கலாம்னு ஒரு யோசனையாம். "அக்கா, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து காலைல இருந்து சாயங்காலம் வரை என்ன தான் செய்வீங்க, கோடிங் பயங்கரமா தெரியணுமா, நம்ம ஊர்ல இருந்தே பாக்க முடியுமா, எங்கப்பா கேட்டா என்னனு சொல்றது"னு கேள்வி மேல கேள்வி. நான் உச்சிப்புளிக்காரி, மதுரைல படிச்சுட்டு பெங்களூர்ல சில வருஷம் குப்பை கொட்டிட்டு இப்ப வீட்ல இருந்தே அதே வேலையை பாக்குறேன், அதனால எனக்கு தெரிஞ்சதை சொல்றேன். உரிமையா நீ வா போனே எழுதுறேன் தம்பி, தப்பா எடுத்துக்காத.

முதல்ல காலேஜ்ல சொல்ற கதையை ஓரமா வச்சுரு. கம்ப்யூட்டர்லயே மருந்து கண்டுபிடிக்கிறது, புரோட்டீன் ஒண்ணு கலர் கலரா ஸ்கிரீன்ல சுத்துறது, இதெல்லாம் போஸ்டருக்கு நல்லாருக்கும். நிஜத்துல என் ஸ்கிரீன்ல பெரும்பாலும் இருக்குறது கட்டளை அடிக்கிற கருப்பு கலர் டெர்மினல், பக்கத்துல ஒரு எக்ஸல் ஷீட், அதுல யாரோ ஒருத்தர் ஒரே சாம்பிளுக்கு மூணு விதமா பேர் போட்டு வச்சுருப்பாங்க. கரைவலை இழுத்து மணல்ல கொட்டுனதும் பாசி, சிப்பி, நெகிழி எல்லாத்தையும் தள்ளிட்டு மீனை எடுப்பாங்கள்ல, அந்த பிரிக்கிற வேலை தான் எங்க வேலைல முக்காவாசி. இதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு வர்றவங்க நின்னுடுவாங்க, தெரியாம வர்றவங்க ஆறு மாசத்துல "இதுக்காகவா படிச்சேன்"னு ஓடிடுவாங்க.

காலைல உக்காந்த உடனே முதல் வேலை, ராத்திரி சர்வர்ல ஓட விட்ட ஜாப் எல்லாம் முடிஞ்சுச்சா செத்துச்சானு பாக்குறது. மனுசனோட ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏவும், ஏறத்தாழ 300 கோடி எழுத்து, அதை ஒரே தடவை படிச்சா நம்ப முடியாதுனு சராசரியா 30 தடவை படிச்ச மாதிரி டேட்டா எடுப்பாங்க, ஒரு ஆளுக்கே பல பத்து ஜிபி வந்துடும், நூறு ஆளுனா நீயே கணக்கு போட்டுக்க. மெஷின்ல இருந்து வர்ற கச்சா ஃபைலுக்கு பேர் பாஸ்ட்க்யூ, அதுல ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்துல ஒரு மார்க் இருக்கும், இந்த எழுத்து சரியானு மெஷினுக்கு எவ்வளவு நம்பிக்கைனு. மார்க் 30னா ஆயிரத்துல ஒண்ணு தப்பா இருக்கலாம், 20னா நூத்துல ஒண்ணு. இதுல தரம் பாத்து, ஓரத்தை வெட்டி, ஒப்பிட்டுப் பாக்க பொதுவா வச்சுருக்குற ரெஃபரன்ஸ் ஜீனோமோட ஒட்டி, எங்கெங்க எழுத்து மாறியிருக்குனு பட்டியல் எடுக்கணும். இந்த வரிசையை பைப்லைன்னு சொல்லுவோம், நெக்ஸ்ட்ஃப்ளோ, ஸ்னேக்மேக்னு அதை ஓட்டுறதுக்கு கருவி இருக்கு. பாதி நாள் எல்லாம் பச்சையா இருக்கும். மீதி நாள் ஏதாச்சும் ஒரு சாம்பிள்ல மெமரி பத்தாம விழுந்துருக்கும், இல்ல டிஸ்க் ஃபுல் ஆயிருக்கும், இல்ல ஃபைல் பேர்ல எவரோ ஒரு ஸ்பேஸ் விட்டுருப்பாரு, அந்த ஒத்த ஸ்பேஸுக்காக மொத்த ராத்திரியும் போயிருக்கும்.

அப்புறம் டீ. அப்புறம் மீட்டிங். மீட்டிங் பத்தி சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, எல்லா ஆபீஸ்லயும் உள்ளது தான், என்ன ஒண்ணு, எங்க வீட்டு மேல நேவி ஹெலிகாப்டர் போகும்போது மைக்கை மியூட் பண்ணனும். உச்சிப்புளில விமானதளம் இருக்குறது அந்தப் பக்கம் உக்காந்துருக்குற ஆளுங்களுக்கு தெரியுமா என்ன, எங்கம்மா கிரைண்டர் போட்டுட்டாங்கனு நினைச்சுக்குவாங்க.

சரி, நிஜமான வேலை எப்படி இருக்கும்னு ஒரே ஒரு கேஸை பக்கத்துல இருந்து காட்டுறேன். ஒரு ஆஸ்பத்திரி குழு கேன்சர் திசு சாம்பிள் அனுப்பிருந்தாங்க, கட்டி உள்ள இடத்துல இருந்து ஒண்ணு, அதே ஆளோட நல்ல திசுல இருந்து ஒண்ணுனு ஜோடி ஜோடியா. எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுனு, அந்த ஜீன்ல இருந்து எடுக்குற நகலான ஆர்என்ஏவோட எண்ணிக்கையை பாக்கணும். எல்லாம் ஓடி முடிச்சு ஒரு படம் போட்டோம், பிசிஏனு சொல்லுவாங்க, இருபதாயிரம் ஜீனோட நம்பரையும் சுருக்கி ஒவ்வொரு சாம்பிளையும் ஒரு புள்ளியா காட்டும், ஒரே மாதிரி உள்ளது பக்கத்துல பக்கத்துல விழும். கட்டி ஒரு பக்கம், நல்ல திசு ஒரு பக்கம்னு அழகா பிரிஞ்சுருக்கணும். பிரிஞ்சும் இருந்துச்சு, ஆனா ரெண்டு புள்ளி மட்டும் இடம் மாறி நின்னுச்சு. புதுசா சேர்ந்த பையன் "அக்கா இது அவுட்லையர், கூட்டத்தோட சேராத புள்ளி, தூக்கிடலாமா"னு கேட்டான். தூக்கிட்டா ரிப்போர்ட் அன்னைக்கே போயிருக்கும், யாரும் கேக்கப் போறதும் இல்ல.

ஆனா அப்படி தூக்கக்கூடாது. முதல்ல ஆணா பெண்ணானு பாக்கணும். பொம்பளைங்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு இருக்குறதால ஒண்ணை அணைச்சு வைக்கிறதுக்கு எக்ஸிஸ்ட்னு ஒரு ஜீன் வேலை செய்யும், ஆம்பளைங்ககிட்ட அது கிட்டத்தட்ட பூஜ்யம். அதே மாதிரி ஒய் குரோமோசோம்ல உள்ள ஜீன் ஆம்பளைங்ககிட்ட மட்டும் தான் தெரியும். அந்த ரெண்டு சாம்பிள்ல ஒண்ணு ஷீட்ல 58 வயசு ஆண்னு போட்டுருக்கு, ஆனா எக்ஸிஸ்ட் எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு, ஒய் சுத்தமா இல்ல. இன்னொண்ணு பெண்னு போட்டுருக்கு, அதுல ஒய் ஜீன் ஜம்முனு ஓடுது. ஆக ரெண்டு டியூபும் எங்கயோ ஒண்ணுக்கொண்ணு மாறியிருக்கு. அதுக்கப்புறமும் உறுதி பண்ணனும்ல, அதனால அதே நோயாளிகளோட ரத்த டிஎன்ஏல இருந்து வந்த எழுத்து மாற்றங்களை எடுத்து இந்த ஆர்என்ஏல உள்ள மாற்றங்களோட ஒப்பிட்டோம், யாருக்கு யாரோடது பொருந்துதுனு பாத்தா அச்சு பிசகாம குறுக்கால பொருந்துது. வேற வேற ஆளோட கட்டியும் நல்ல திசுவும் மாறுனதால தான் புள்ளியும் இடம் மாறி நின்னுருக்கு.

இப்ப இதை அந்த லேப்புக்கு எப்படி எழுதுறது? "நீங்க டியூபை மாத்திட்டீங்க"னு எழுதுனா அவ்வளவு தான், அடுத்த ஆறு மாசத்துக்கு ஒரு மெயிலுக்கும் பதில் வராது. "இந்த ரெண்டு சாம்பிளோட விவரம் எங்க பக்கம் ஷீட்ல சரியா ஏறிருக்கானு ஒரு தடவை பாத்து சொல்ல முடியுமா, இணைச்சுருக்குற படத்துல ஒரு சின்ன சந்தேகம்"னு எழுதணும். அவங்க ரிஜிஸ்டரை புரட்டி பாத்துட்டு ஆமா, சாம்பிள் ஊத்துற பிளேட்ல ரெண்டு குழி மாறிப்போச்சுனு சொன்னாங்க. மொத்தத்துல ஒரு வாரம் போச்சு. இதுல கோடு எழுதுனது ஒரு இருபது வரி இருக்கும். இதுக்கு தான் சம்பளம், இதை எந்த சிலபஸ்லயும் போட மாட்டாங்க.

நீ கோடிங் பத்தி கேட்டதுக்கும் பதில் இதுலயே இருக்கு. லினக்ஸ் கட்டளை தண்ணி பட்ட பாடா தெரியணும், பைத்தான், ஆர்னு உள்ள நிரல்மொழில ஒண்ணு உருப்படியா தெரியணும், கோடோட பழைய பதிப்பெல்லாம் சேத்து வைக்கிற கிட்னு ஒரு கருவி பழகிக்கணும். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூல கேக்குற மாதிரி புதிர் எல்லாம் இங்க பெருசா வராது. அதை விட புள்ளியியல் தான் ஆளைக் கொல்லும். ஒரே நேரத்துல இருபதாயிரம் ஜீனை சோதிச்சு, ஒவ்வொண்ணுக்கும் 5 சதவீதம் தப்பு ஓகேனு விட்டா, ஒண்ணுமே இல்லாத டேட்டாலயும் சும்மாவே ஆயிரம் ஜீன் "முக்கியம்"னு வந்து நிக்கும். இதை திருத்தாம ஒரு பெரிய லிஸ்ட்டை தூக்கிட்டு வந்து நிக்கிறவங்களை நான் நிறைய பாத்துருக்கேன், பிஎச்டி முடிச்சவங்களும் அதுல உண்டு.

இன்னொரு கூத்து சொல்றேன். எக்ஸல்ல மார்ச் 1, செப்ட் 2னு ஜீன் பேர் அடிச்சா அது தேதினு நினைச்சு தானா மாத்திடும். வருஷக்கணக்கா பேப்பர்களோட இணைப்பு டேபிள்ல எல்லாம் ஜீனுக்கு பதிலா தேதி உக்காந்துருந்துச்சு, கடைசில 2020ல ஜீனுக்கு பேர் வைக்கிற சர்வதேச கமிட்டியே அந்த ஜீன்களோட பேரை மாத்திருச்சு, மார்ச்எஃப் 1, செப்டின் 2னு. எக்ஸல்காரங்க அந்த தானியங்கி மாத்தத்தை அணைக்க ஒரு வழி குடுத்தது அதுக்கும் அப்புறம், 2023ல தான். இது போக ரெஃபரன்ஸ் ஜீனோம்லயே பதிப்பு பிரச்சனை இருக்கு. 2009ல வந்தது ஒண்ணு, 2013ல வந்தது ஒண்ணு, ரெண்டும் இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு, ஒரே ஜீனுக்கு ரெண்டுலயும் விலாசம் வேற. யாராச்சும் "குரோமோசோம் 7ல இந்த இடம்"னு ஒரு நம்பரை மட்டும் அனுப்புனா நான் கேக்குற முதல் கேள்வி எந்த பதிப்புனு தான். அதுக்கு மேல சில ஃபைல் பூஜ்யத்துல இருந்து எண்ணும், சில ஃபைல் ஒண்ணுல இருந்து எண்ணும், ஒரு எழுத்து தள்ளிப் போனா மொத்த அர்த்தமும் தள்ளிப் போயிரும்.

வேலைல ஒரே வகை தான் இருக்குனு நினைச்சுக்காத. நான் சொன்னது பைப்லைன், அனாலிசிஸ் பக்கம். ஜெனட்டிக் டெஸ்ட் பண்ற கம்பெனிகள்ல வேரியன்ட் கியூரேஷன்னு ஒரு வேலை இருக்கு, நம்ம பக்க பசங்களுக்கு முதல் வேலையா இது கிடைக்கிறது கொஞ்சம் சுலபம், அதுல கோடிங்கை விட வாசிப்பு தான் ஜாஸ்தி. ஒரு குழந்தைக்கு வலிப்பு வருதுனு வச்சுக்க, டெஸ்ட்ல நூத்துக்கணக்குல மாற்றம் வடிகட்டி வரும், எது காரணம்னு பேப்பர் பேப்பரா படிச்சு முடிவு பண்ணனும். 2015ல அமெரிக்கால போட்ட ஒரு வழிகாட்டி தான் உலகம் முழுக்க ஓடுது, அஞ்சு வகையா பிரிக்கணும்: நோய்க்கு காரணம், காரணமா இருக்கலாம், தெரியல, பாதிப்பில்லாம இருக்கலாம், பாதிப்பில்ல. இதுல நடுவுல உள்ள "தெரியல" வகை தான் தினசரி வாழ்க்கை. அந்த வகைல ஒண்ணு வந்தா அதை வச்சு வைத்தியம் முடிவு பண்ணக்கூடாது, ஆனா ரிப்போர்ட்டை கைல வாங்குற அம்மா அப்பாவுக்கு அதுல ஒரு ஜீன் பேரை பாத்ததும் தூக்கம் போயிரும். அதனால அந்த ரெண்டு வரியை எழுதுறதுக்கு ரொம்ப யோசிப்போம்.

இங்க நம்ம ஆளுங்களுக்குனு ஒரு சிக்கல் இருக்கு. ஒரு மாற்றம் நிறைய பேர்கிட்ட இருக்குனா அது பெரும்பாலும் கடுமையான நோய்க்கு காரணமா இருக்காதுனு ஒரு கணக்கு உண்டு, ஆனா எத்தனை பேர்கிட்ட இருக்குனு பாக்குற டேட்டாபேஸ்ல ஐரோப்பிய வம்சாவளி ஆளுங்க தான் குவிஞ்சு கெடக்காங்க. அவங்ககிட்ட இல்லாதது நம்மகிட்ட சர்வசாதாரணமா இருக்கலாம். இதய தசை சம்பந்தப்பட்ட ஒரு ஜீன்ல 25 எழுத்து விடுபட்டுப் போற மாற்றம் ஒண்ணு இருக்கு, 2009ல அதைப் பத்தி பெரிய பேப்பர் வந்துச்சு, மதுரை காமராஜர் பல்கலைக்கழக ஆளுங்களும் அதுல இருந்தாங்க, தெற்காசியால நூத்துக்கு ஏறக்குறைய 4 பேர்கிட்ட அது இருக்கு, வெளில தேடுனா அபூர்வம். இந்த மாதிரி விஷயத்துக்கு தான் ஜீனோம்இந்தியா திட்டத்துல 10,000 பேரோட ஜீனோமை படிச்சு ஃபரிதாபாத்ல உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்துல வச்சுருக்காங்க, 2025 ஜனவரில ஆராய்ச்சியாளர்களுக்குனு அறிவிச்சாங்க. நம்ம பக்கம் அத்தை மகன், மாமன் மகள்னு சொந்தத்துல முடிக்கிற பழக்கம் இருக்குல்ல, அதுவும் டேட்டால தெரியும், அம்மாகிட்ட இருந்தும் அப்பாகிட்ட இருந்தும் வந்த துண்டு ரெண்டும் ஒரே மாதிரி நீளம் நீளமா இருக்கும். பேர் இல்லாத வெறும் நம்பர் தான் ஸ்கிரீன்ல, இருந்தாலும் ஒரு குடும்பத்தோட கதை தெரிஞ்சுரும், வெளில மூச்சு விடக்கூடாது. நோயாளி டேட்டாவை சொந்த லேப்டாப்ல இறக்குறது, டீக்கடைல பேசுறது எல்லாம் வேலையை மட்டும் இல்ல மானத்தையும் வாங்கிரும்.

ஏஐ வந்துருச்சே, இந்த வேலை இருக்குமானும் ஓரத்துல ஒரு கேள்வி போட்டுருந்த. புரோட்டீனோட வடிவத்தை கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டுங்கிற ஏஐயை உருவாக்குனவங்களுக்கு 2024ல வேதியியல் நோபல்ல பங்கு குடுத்தாங்க, அது உண்மைலயே பெரிய விஷயம், முன்னாடி வருஷக்கணக்குல ஆனது இப்ப நிமிஷத்துல கணிப்பா வருது. ஆனா வந்த வடிவம் நம்பலாமானு பாக்கும்போது இன்னமும் புரோட்டீன் சங்கிலி எந்தெந்த கோணத்துல மடங்கலாம்னு காட்டுற ராமச்சந்திரன் வரைபடம் போட்டு தான் பாப்போம், 1963ல மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஜி.என்.ராமச்சந்திரன் குழு போட்டது, நம்ம மண்ணுல பொறந்தது. கோடு எழுதுறதுக்கு நானும் தினமும் ஏஐகிட்ட கேக்குறேன், சட்டுனு எழுதித் தருது. ஆனா அந்த ரெண்டு டியூப் கேஸ்ல அதுகிட்ட கேட்டுருந்தா அவுட்லையரை தூக்குறதுக்கு சுத்தமான கோடா எழுதிக் குடுத்துருக்கும், நம்ம கேட்டது அதைத் தானே.

ஊர்ல இருந்து பாக்கலாமா? பாக்கலாம், ஆனா முதல் நாள்ல இருந்து இல்ல. டேட்டா எல்லாம் சர்வர்லயோ கிளவுட்லயோ தான் கெடக்கு, நம்ம வீட்டு லைன் வழியா வந்து போறது வெறும் எழுத்து தான், அதனால உச்சிப்புளி நெட்டே போதும், பெரிய லேப்டாப்பும் தேவையில்ல. டிமக்ஸ்னு ஒரு சின்ன கருவி இருக்கு, அதுக்குள்ள ஜாபை ஓட விட்டா இங்க கரண்டு போனாலும் அங்க வேலை பாட்டுக்கு ஓடும், வந்து திரும்ப ஒட்டிக்கலாம். ஐப்பசி கார்த்திகைல இது எவ்வளவு முக்கியம்னு உனக்கு சொல்ல வேண்டியதில்ல, 2024 நவம்பர்ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி நாள்ல போன் டவர் பாவம், அது என்ன பண்ணும். ஆனா வேலையை கத்துக்குறதுக்கு முதல் ரெண்டு மூணு வருஷமாச்சும் ஆளுங்க பக்கத்துல உக்காரணும். லேப்ல பைப்பெட் புடிக்கிறவங்க எங்க தடுமாறுவாங்கனு கண்ணால பாக்காம டேட்டால என்ன தப்பு வரும்னு யூகிக்க முடியாது. பெங்களூர், ஹைதராபாத், சென்னை, இதுல ஏதாச்சும் ஒண்ணுல கெடந்துட்டு அப்புறமா வா. அமெரிக்க கம்பெனிக்கு பாக்குறதா இருந்தா சாயங்காலம் ஏழு மணிக்கு மேல தான் மீட்டிங்கே ஆரம்பிக்கும், வீட்ல எல்லாரும் சாப்ட்டு படுத்த பிறகு நீ மட்டும் இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு இருப்ப.

சம்பளம் பத்தி மழுப்ப வேணாம். உன் கூட படிச்சவன் ஐடி கம்பெனில சேர்ந்தா ஆரம்பத்துல உன்னை விட ஜாஸ்தி வாங்குவான், சில வருஷம் அந்த கடுப்பு இருக்கும். ஆராய்ச்சி பக்கம் போனா நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குனா 2023ல இருந்து மாசம் 37,000, வீட்டு வாடகைப்படி தனி, ஆனா பணம் மாசா மாசம் வரும்னு நம்பி இஎம்ஐ போட்டுறாத, பல இடத்துல சேர்த்து வச்சு தான் வரும். கம்பெனி பக்கம் நாலஞ்சு வருஷம் தாண்டுனா நல்லா ஏறும். புராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுதுனு சொல்ற இடமும் நிறைய இருக்கு, சேரும்போதே கேட்டுக்க.

இப்ப நம்ம கடல் பக்கத்துக்கு வர்றேன், இதைத்தான் நீ கேக்காம விட்டுட்ட, எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. 1947ல ஆரம்பிச்ச மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முன்னாடி தலைமையகமே நம்ம மண்டபம் கேம்ப்ல தான் இருந்துச்சு, பிற்பாடு அது கொச்சிக்கு போயிருச்சு, மண்டபத்துல மையம் இன்னும் ஓடிக்கிட்டு தான் இருக்கு, 2010ல கடல்விராலை அடைச்சு வச்சு குஞ்சு பொரிக்க வச்சதும் அங்க தான். கடல்பாசிக்குனு இன்னொரு மத்திய நிறுவனத்தோட நிலையமும் அதே மண்டபத்துல. உன் ஊர் தொண்டிலயே அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறை இருக்கு, காரைக்குடி போனா அதே யுனிவர்சிட்டில பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் துறையும் இருக்கு. பக்கத்துலயே இவ்வளவு இருக்கும்போது பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்னா பெங்களூர்ல கேன்சர் பாக்குறது மட்டும் தான்னு ஏன் நினைக்கணும்?

உதாரணத்துக்கு கடல் அட்டை. 2001ல இருந்து புடிக்க தடை, ஆனா மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் மண்டபம், வேதாளை பக்கம் மூட்டையா புடிச்சதா பேப்பர்ல வருது. அவிச்சு காய வச்ச பிறகு எந்த இனம்னு கண்ணால சொல்றது கஷ்டம், அங்க தான் டிஎன்ஏ பார்கோடிங் வரும். மைட்டோகாண்ட்ரியாவுல உள்ள ஒரு ஜீன்ல ஏறத்தாழ 650 எழுத்தை படிச்சு, பொது டேட்டாபேஸ்ல உள்ளதோட ஒப்பிடணும். 1990ல வந்த பிளாஸ்ட்ங்கிற தேடல் நிரல் தான் இன்னைக்கும் அதுக்கு முதல் கருவி. அதுல "99 சதவீதம் பொருந்துது"னு வந்த உடனே சந்தோஷப்பட்டுறக்கூடாது, நீ குடுத்த எழுத்துல எவ்வளவு நீளத்துக்கு பொருந்துதுனு பக்கத்து கட்டத்துல பாக்கணும், 650ல வெறும் 120 எழுத்துக்கு மட்டும் 99னா அது கோர்ட்ல நிக்காது. அடுத்தது, அந்த டேட்டாபேஸ்ல பேர் போட்டு ஏத்துனதே யாரோ ஒரு ஆள் தானே, அவர் இனத்தை தப்பா கண்டுபிடிச்சு ஏத்தியிருந்தா உனக்கும் தப்பு பேர் தான் வரும். மீன்ல இது ரொம்ப நடக்கும். காரல் இருக்கே, அதுல எத்தனை வகை இருக்கு, குட்டியா இருக்கும்போது எல்லாம் ஒரே வெள்ளி தகடு தான். நம்ம கரைல புடிச்ச காரலுக்கு எங்கயோ பசிபிக் பக்கம் உள்ள ஒரு இனத்தோட பேர் மேல வந்து நிக்கும், கீழ இறங்கி ஆறாவது ஏழாவது வரியை பாத்தா இந்தியப் பெருங்கடல் இனம் ஒண்ணு அதே அளவு பொருந்தி உக்காந்துருக்கும். கம்ப்யூட்டர் முன்னாடி மட்டும் உக்காந்த ஆளு மேல உள்ளதை எடுத்துட்டு போயிருவாரு. ஏலக்கூடத்துல நின்னு பாத்தவன் "இது இங்க கிடைக்காதே"னு நிப்பான். உங்கப்பா கடலுக்கு போறவர்னு எழுதிருந்த. அவர்கிட்ட எந்த மீன் எந்த மாசம் எந்த ஆழத்துல கிடைக்கும்னு கேட்டு எழுதி வச்சாலே அந்த வேலைக்கு அது பெரிய துணை.

இன்னொண்ணு, மீனையே புடிக்காம வெறும் கடல் தண்ணியை எடுத்து வடிகட்டி, அதுல உதிர்ந்து கெடக்குற செதில், சளி இதுல உள்ள டிஎன்ஏவை படிச்சு என்னென்ன மீன் அந்தப் பக்கம் வந்துச்சுனு சொல்ற முறை இருக்கு. ஃப்ளோரிடால மானடீனு நம்ம கடல்பசுவோட சொந்தக்கார இனத்தை இப்படி தண்ணிலயே தேடிப் பாத்துருக்காங்க. பாக் விரிகுடால 448 சதுர கிலோமீட்டருக்கு கடல்பசு காப்பகம் 2022ல அறிவிச்சாச்சு, அதை கண்ணால பாக்குறது எவ்வளவு அபூர்வம்னு உங்க பக்கத்துல கேட்டா சொல்லுவாங்க. மன்னார் வளைகுடால 21 தீவு, பவளப்பாறை, அதுல உள்ள பாக்டீரியா, குருசடை தீவு பக்கம் வளர்ப்பு பாசி பவளத்து மேல படர்ந்த பிரச்சனைனு வேலைக்கு விஷயமா இல்ல? ஆனா உண்மையையும் சொல்லணும், இந்தப் பக்கம் நிரந்தர வேலை கைவிரல் விட்டு எண்ணலாம், பெரும்பாலும் புராஜெக்ட் வேலை தான். என்னோட யோசனை, பொழப்புக்கு மனுச ஜீனோம் பக்கம் ஒரு கால் வச்சுக்க, கடல் பக்கத்தை விட்டுறாத, ரெண்டுக்கும் கருவி கிட்டத்தட்ட ஒண்ணு தான்.

அப்பாகிட்ட என்ன சொல்றதுனு கேட்ட. கொரோனா நேரத்துல டெல்டா, ஒமிக்ரான்னு டிவில சொன்னாங்கல்ல, அந்த வைரஸோட ஏறத்தாழ 30,000 எழுத்தை படிச்சு எங்க மாறியிருக்குனு கண்டுபிடிச்சது இந்த வேலை பாக்குறவங்க தான்னு சொல்லு, புரிஞ்சுக்குவாரு. எங்கப்பாவுக்கு நான் என்ன வேலை பாக்குறேன்னு அப்ப தான் புரிஞ்சுச்சு, அதுக்கு முன்னாடி கேக்குறவங்ககிட்ட எல்லாம் "புள்ள கம்ப்யூட்டர்ல இருக்கு"னு முடிச்சுருவாரு.

படிக்கிறதுக்கு காசு கட்டி ஆன்லைன் கோர்ஸ் மேல கோர்ஸா வாங்காத, சர்டிஃபிகேட்டை யாரும் பாக்குறதில்ல. ரோசலிண்ட்னு ஒரு இலவச தளத்துல சின்ன சின்ன கணக்கா இருக்கு, பைத்தானையும் உயிரியலையும் சேத்து பழகலாம். கேலக்ஸினு ஒண்ணு இருக்கு, பிரவுசர்லயே பெரிய அனாலிசிஸ் ஓட்டலாம். என்பிடெல்ங்கிற ஆன்லைன் பாட தளத்துல புள்ளியியல் பாடம் இருக்கு, அதை மட்டும் தவிர்க்காம முழுசா பாரு. வீட்ல உள்ள பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டுக்க. மீன்பிடி தடைக்காலத்துல அப்பா வீட்ல தானே இருப்பாரு, ஏப்ரல் 15ல இருந்து ரெண்டு மாசம், உனக்கும் அந்த நேரம் லீவு வந்துரும். அப்ப என்சிபிஐங்கிற பொது டேட்டாபேஸ்ல போய் காரல் குடும்பத்தோட பார்கோடு சீக்வென்ஸ் எல்லாத்தையும் இறக்கி, நீளம் குறைஞ்சதை தூக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு வரிசைப்படுத்தி, எது எதுக்கு நெருங்குன சொந்தம்னு காட்டுற ஒரு மரம் போட்டு பாரு. ஒரே பேர் போட்ட மீன் மரத்துல ரெண்டு தனித்தனி கிளைல போய் உக்காந்துருக்கும், கண்டிப்பா சில இடத்துல இருக்கும். அதுல எது தப்பு பேர், எது நிஜமாவே வேற இனம்னு ஒவ்வொண்ணா எந்த நாட்டுல புடிச்சது, யார் ஏத்துனதுனு தேடி ஒரு ரெண்டு பக்கம் எழுதி, கோடு போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்துல போட்டு வை. இன்டர்வியூல நான் ஆள் எடுக்கும்போது அந்த மாதிரி ஒண்ணை பாத்தா பத்து சர்டிஃபிகேட்டை விட அதைத்தான் திறந்து பாப்பேன்.

நடுவுல எங்கயாச்சும் மாட்டுனா கேளு. ஆனா எரர் மெசேஜை முழுசா காப்பி பண்ணி அனுப்பு, போன்ல ஸ்கிரீனை போட்டோ எடுத்து, அதுவும் பாதி வெட்டி அனுப்பாத, கும்புட்டு கேட்டுக்கிறேன்.